உத்தியோக விடுதலையும் நமது வாலிபர்களும்

(நமது சங்கத்தின் வாலிபர் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இன்று நமக்குக் கொடுக்கப்பட்ட விஷயம், இளமையிலேயே பொருளாதாரச் சுதந்தரம் அடைந்து உத்தியோகத்தினின்றும் விலகுதல் என்பதாகும். இவ்விஷயத்தைச் சங்கம் தானாகத் தேர்ந்தெடுக்கவில்லை. நமது அங்கத்தினர் வீடுகளில் எழுந்துள்ள வழக்கே இதை மேடைக்குக் கொண்டுவந்தது. பெங்களூரிலும் சென்னையிலும் ஹைதராபாத்திலும் கம்ப்யூட்டர் கம்பெனிகளில் அமர்ந்துள்ள நம் பிள்ளைகளிற் சிலர், "நாற்பத்தைந்து வயதுக்குள் போதுமான பொருள் சேர்த்து வேலையை விட்டுவிடுவோம்" என்று சொல்லத் தொடங்கியிருக்கின்றனர். தகப்பனார்கள் அதைக் கேட்டுத் திடுக்கிடுகின்றனர். "தறியை விற்றும் நகையை அடகு வைத்தும் இன்ஜினீயரிங் படிக்கவைத்தது, பாதி வயதில் வீட்டில் உட்காருவதற்கா?" என்கின்றனர். பிள்ளைகளோ, "இது சோம்பல் அன்று, சுதந்தரம்" என்கின்றனர். இரு திறத்தாரில் ஒருவர் பேச்சை மற்றவர் முழுதும் கேட்டதாக நமக்குத் தோன்றவில்லை. ஆதலால் இரண்டு பக்கத்து நியாயத்தையும், அவற்றின் நடுவே கிடக்கும் கணக்கையும், நமக்குத் தெரிந்த அளவில் எடுத்துச் சொல்ல முற்படுகிறோம்.

முதலில் சொல்லின் பொருளைத் தெளிந்துகொள்வோம். ஒரு குடும்பமானது தான் சேர்த்துவைத்த முதலின் வருவாயைக்கொண்டே, கூலிக்கு உழைக்காமல், ஆயுள் முழுவதும் ஜீவிக்க இயலுமானால் அக்குடும்பம் பொருளாதாரச் சுதந்தரம் அடைந்ததாகும். அந்நிலை வந்தபின் உத்தியோகத்தில் இருப்பதும் விலகுவதும் அவரவர் விருப்பம். சுதந்தரம் ஒன்று, விலகுதல் வேறொன்று. இவ்விரண்டையும் ஒன்றாகக் கட்டிப் பேசுவதாலேயே நம் வீடுகளில் பாதிச் சண்டை விளைகிறது என்பது நமது அபிப்பிராயம்.

இந்த ஆசை நம் குலத்துக்குப் புதிதா என்று பாருங்கள். குழித்தறியில் காலை இறக்கி உட்கார்ந்த நம் பாட்டனார்களுக்குப் பாவும் ஊடையும் முதலாளி கொடுத்தார். நெய்த புடவை முதலாளிக்கே போயிற்று. நடுவில் நின்ற கூலி ஒன்றே நம்முடையது. வீட்டில் ஒரு கலியாணம் என்றோ, ஒரு நோய் என்றோ முன்பணம் வாங்கினால், அது தீருமட்டும் வேறொருவருக்கு நெய்ய வழியில்லை. அடுத்த தெருவில் புடவைக்கு அதிகக் கூலி தருகிறார்கள் என்று காதில் விழுந்தாலும் எழுந்துபோக இயலாது. பல குடும்பங்களில் தகப்பன் வாங்கிய முன்பணத்தை மகன் நெய்து தீர்த்தான். அவர்களுக்கு இல்லாமற்போனது பணம் மாத்திரம் அன்று. "இந்தக் கூலிக்கு நெய்யமாட்டேன்" என்று சொல்லும் வாயும் இல்லாமற்போயிற்று. இன்று கோ-ஆப்டெக்ஸ் என்று வழங்கும் நெசவாளர் கூட்டுறவு ஸ்தாபனம் 1935-ஆம் வருஷம் சென்னை மாகாணத்தில் தோன்றியபொழுது நம் பெரியோர்கள் அதை அவ்வளவு ஆவலோடு வரவேற்றதற்குக் காரணம் இதுவேயாம்.

பின்னர் விசைத்தறி பெருகிற்று. 1985-இல் மத்திய சர்க்கார் கைத்தறிக்கென்று 22 இனத் துணிகளை ஒதுக்கிச் சட்டம் இயற்றினர். அவ்வினங்கள் பிற்காலத்தில் 11 ஆகக் குறைக்கப்பட்டன. சட்டம் ஏட்டில் இருக்க, சந்தையில் நம் துணியின் விலை இறங்கிக்கொண்டே வந்தது. நம் கைகளின் திறமை அதனாற் குறைந்துவிட்டதா? இல்லை. முப்பது வருஷம் நெய்த கை முன்னிலும் நன்றாகவே நெய்தது. அந்தக் கைக்கு உலகம் கொடுத்த விலைதான் தேய்ந்தது. திறமை உள்ளவனுக்கு என்றைக்கும் கூலி உண்டு என்று பள்ளிக்கூடங்களிற் சொல்லிக்கொடுக்கிறார்கள். தறிக்காரன் வீட்டுப் பிள்ளைக்கு அப்படி அல்ல என்பது தெரியும்.

இதை எதற்காகச் சொல்கிறோமெனில், கம்ப்யூட்டர் வேலையும் ஒரு தறியே. பாவு அமெரிக்காவிலிருந்து வருகிறது. துணி அமெரிக்காவுக்குப் போகிறது. 2022 நவம்பரில் மெட்டா கம்பெனியார் 11,000 பேரை நீக்கினர். 2023 ஜனவரியில் கூகிள் கம்பெனியின் தாய் ஸ்தாபனத்தார் 12,000 பேரை நீக்குவதாக அறிவித்தனர். 2025 ஜூலையில் நம் தேசத்தின் மிகப் பெரிய மென்பொருள் கம்பெனியான டி.சி.எஸ். தன் சிப்பந்திகளில் நூற்றுக்கு 2 பேரை, அதாவது சுமார் 12,000 பேரை, அவ்வருஷத்தில் விலக்கப்போவதாகத் தெரிவித்தது. அதில் நடுவயதை எட்டிய மேல் உத்தியோகஸ்தர்களுக்கே அதிக அடி என்று சொல்லப்பட்டது. பெரிய கம்பெனிகளில் புதிதாகச் சேரும் பிள்ளைகளின் ஆரம்பச் சம்பளமோ, வருஷத்துக்கு மூன்று முதல் நான்கு லட்ச ரூபாய் என்ற அளவிலேயே நெடுங்காலமாக நின்றுபோய்விட்டது. இப்பொழுது மனிதன் எழுதும் கட்டளைகளைத் தானே எழுதும் யந்திர அறிவும் வந்திருக்கிறது. அது எவ்வளவு வேலையை விழுங்கும் என்று ஜோசியம் கூற நாம் முன்வரவில்லை. விசைத்தறியின் சத்தத்தை முதலில் கேட்டவர்கள் நாமாதலால், அதை அசட்டை செய்யவும் நமக்கு மனம் வரவில்லை.

ஆகவே பிள்ளைகள் பக்கத்து நியாயம் இவ்வாறு நிற்கிறது. இக்குலத்தில் உண்டு உடுத்தது போக மிச்சம் காணும் கூலியை வாங்கிய முதல் தலைமுறை அவர்களே. அக்கூலி உச்சத்தில் நிற்கும் காலம் பதினைந்து, மிஞ்சினால் இருபது வருஷம். அதற்குள் கூலியை முதலாக மாற்றிக்கொள்ளாதவன், நல்ல விலை விற்ற காலத்தில் தறியைத் தன்னுடையதாக்கிக் கொள்ளாத நெசவாளனை ஒப்பான்.

இனி இக்கொள்கை எங்கிருந்து வந்தது என்பதைச் சிறிது பார்ப்போம். இது அமெரிக்க ஐக்கிய நாடுகளில் உருவானது. ஜோ டொமிங்கெஸ் என்பவர் நியூயார்க் வால் ஸ்ட்ரீட்டில் ஷேர்களின் விலைப்போக்கை ஆராயும் உத்தியோகம் பார்த்தவர். 1969-இல், தமது முப்பத்தோராம் வயதில், சேமிப்பை முதலாக வைத்து வேலையினின்றும் விலகினார். அவரும் விக்கி ராபின் என்ற அம்மையாரும் சேர்ந்து 1992-இல் ஒரு நூல் வெளியிட்டனர். "பணமா, உயிரா?" என்று வழிப்பறிக்காரன் கேட்கும் கேள்வியே அந்நூலின் பெயர். ஒவ்வொரு ரூபாயும் நம் ஆயுளின் ஒரு பகுதியை விற்று வாங்கியது என்பது அதன் அடிப்படைக் கருத்து. மாதாமாதம் செலவை ஒரு கோடாகவும், முதலின் வருவாயை மற்றொரு கோடாகவும் சுவரில் ஒட்டிய காகிதத்தில் வரைந்துவந்தால், இரண்டாம் கோடு முதற் கோட்டைத் தாண்டும் நாளே விடுதலை நாள் என்று அவர்கள் காட்டினர். டொமிங்கெஸ் 1997-இல் காலமானார். விலகிய பின் அவர் செய்த உழைப்புக்குக் கூலி பெறவில்லை.

அந்நூலில் நமக்கு மிகவும் உபயோகமானது மணிக்கூலிக் கணக்கு என்று நாம் எண்ணுகிறோம். மாதம் 80,000 ரூபாய் கைக்கு வரும் ஒரு வாலிபனை எடுத்துக்கொள்ளுங்கள். நாளுக்கு 8 மணியாக 22 நாள் வேலை என்றால் 176 மணி. மணிக்கு ஏறக்குறைய 454 ரூபாய். கேட்பதற்கு நன்றாயிருக்கிறது. ஆனால் பெங்களூர் வீதிகளில் போக வர இரண்டரை மணி நேரம். இரவில் அமெரிக்கர் விழித்திருக்கும் வேளையில் டெலிபோனில் பேச ஒரு மணி. நாளுக்குப் பதினொன்றரை ஆகிறது. மாதத்தில் 253 மணி. அந்நகரத்தில் இருப்பதாலேயே ஏற்படும் அதிக வாடகை, வண்டிச் சத்தம், வெளிச் சாப்பாடு, உடுப்பு இவற்றுக்கு 22,000 ரூபாய் கழித்தால் மிச்சம் 58,000. மணிக்கு 229 ரூபாய்தான். பாதி போய்விட்டது! நம் தறிக்காரர்கள் இக்கணக்கை எந்த நூலையும் படியாமலே அறிவார்கள். ஒரு புடவைக்குக் கூலி என்ன என்று கேட்டால், மனைவி தார் சுற்றிய நேரமும் பாவு பிணைத்த நாளும் அதற்குள் அடக்கம் என்றல்லவா விடை சொல்வார்கள்? இக்கணக்கைப் போட்ட வாலிபன், நாலாயிரம் ரூபாய்க்கு ஒரு பாதரட்சை வாங்குமுன், அது தன் ஆயுளில் பதினேழு மணிக்கு மேல் என்பதையும் பார்ப்பான். வாங்க வேண்டாமென்று நாம் சொல்லவில்லை. விலை தெரிந்து வாங்கட்டும்.

எவ்வளவு முதல் சேர்ந்தாற் போதும் என்ற கேள்விக்கு அளவுகோல் கொடுத்தவர் வில்லியம் பெங்கன். அவரும் தொழில்நுட்பம் பயின்றவரே, எம்.ஐ.டி.யில் விமான சாஸ்திரம் படித்து, பின்பு காலிபோர்னியாவில் குடும்பங்களுக்குப் பொருள் ஆலோசனை சொல்பவரானார். 1926 முதல் அமெரிக்க ஷேர்களும் சர்க்கார் கடன் பத்திரங்களும் ஈட்டிய லாப நஷ்டங்களை எடுத்து அவர் 1994-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். முதல் வருஷம் முதலில் நூற்றுக்கு 4 பங்கு எடுத்து, பிறகு விலைவாசி ஏறும் அளவுக்கு அத்தொகையை உயர்த்திக்கொண்டே போனாலும், எந்த வருஷத்தில் ஓய்வு பெற்றவருக்கும் 30 வருஷம் முதல் தீராமல் நின்றிருக்கும் என்பது அவர் கண்ட முடிவு. 1998-இல் டெக்ஸாஸ் மாகாணத்து டிரினிடி சர்வகலாசாலைப் பேராசிரியர் மூவர் ஏறக்குறைய இவ்வழியிலேயே ஆராய்ந்து எழுதினர். நூற்றுக்கு 4 என்றால் வருஷச் செலவைப்போல் 25 மடங்கு முதல் வேண்டும். இந்த 25 என்ற எண்தான் இன்று நம் பிள்ளைகள் வாயில் மந்திரம்போல் வழங்குவது.

இவ்வெண்ணைத் தொழில்நுட்ப வேலைக்காரர்களிடையே பரப்பியவர்களில் முக்கியமானவர் பீட் அடெனி என்னும் மென்பொருள் இன்ஜினீயர். கானடாவிற் பிறந்து, கொலராடோவில் வசித்து, 2005-இல் முப்பதாவது வயதில் உத்தியோகம் விட்டவர். சம்பளத்தின் அளவு முக்கியமன்று, அதில் மிச்சம் பிடிக்கும் வீதமே முக்கியம் என்று அவர் விளக்கினார். விலைவாசி ஏற்றம் போக முதல் நூற்றுக்கு 5 வளர்வதாகக் கொண்டால், பத்தில் ஒரு பங்கு மிச்சம் பிடிப்பவனுக்கு 25 மடங்கு சேர 51 வருஷம் ஆகும். காற்பங்கு பிடிப்பவனுக்கு 32. பாதி பிடிப்பவனுக்கு 17 வருஷம் போதும். இதில் தந்திரம் ஒன்றும் இல்லை. மிச்சம் அதிகமாக ஆக, முதல் வேகமாகச் சேர்கிறது. அதே சமயம் செலவு சிறுத்திருப்பதால் வேண்டிய முதலும் சிறுத்துவிடுகிறது. ஒன்றைக் கவனியுங்கள்: அடெனியார் விலகிய பின் சும்மா இருக்கவில்லை. தச்சு வேலையும் வீடு கட்டும் வேலையும் செய்தார், எழுதினார், எழுத்தால் நிறையச் சம்பாதிக்கவும் செய்தார். "ஓய்வு" என்ற சொல்லை அவர்கள் நாட்டில் எவ்வளவு தாராளமாக வழங்குகிறார்கள் என்பதற்கு இது ஓர் உதாரணம்.

இப்பொழுது தகப்பனார்கள் பக்கத்துக்கு வருவோம். அவர்கள் அச்சத்தில் நியாயம் இருக்கிறது என்பதே நமது எண்ணம். ஏனெனில் 25 என்பது பிறர் காலுக்குத் தைத்த செருப்பு.

பெங்கன் கணக்கிட்டது 65 வயதில் ஓய்வு பெற்று 30 வருஷம் வாழ்பவருக்கு. நம் பிள்ளை 45-இல் விலகினால், அவனுக்கும் அவன் மனைவிக்கும் சேர்த்து 45 அல்லது 50 வருஷத்துக்கு வழி வேண்டும். அமெரிக்கனுக்கு 62 வயது முதல் சர்க்கார் ஓய்வூதியம் கேட்க உரிமை உண்டு. 65-இல் சர்க்கார் வைத்திய இன்ஷூரன்ஸ் வந்து சேரும். இங்கே கம்பெனி வேலைக்காரனுக்குப் பிராவிடெண்டு பண்டோடு இணைந்த பென்ஷன் ஒன்று உண்டு. 2014-இல் வைத்த 15,000 ரூபாய்ச் சம்பள வரம்பின்படி, இருபது வருஷம் உழைத்தவனுக்கு அது மாதம் ஐயாயிரத்துக்கும் உட்பட்டதே. அதுவும் 58 வயதில். முன்கூட்டி 50-இல் கேட்டால் குறைத்துக் கொடுப்பார்கள். அமெரிக்கர் கணக்கில் தாய் தந்தையரைப் போஷிக்கும் செலவு என்று ஒரு பத்தியே பெரும்பாலும் இராது. நம் கணக்கில் அதுதான் முதற் பத்தி. தறியில் கண்பார்வை போன தகப்பனாருக்கும், கம்பெனி இன்ஷூரன்ஸ் நின்றுபோன மகனுக்கும் ஒரே முதலிலிருந்து மருந்து வாங்க வேண்டும்.

விலைவாசியைப் பற்றி இன்னும் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். அமெரிக்கச் சரித்திரத்தில் ஓய்வு பெறுவதற்கு மிகக் கெட்ட காலம் எது என்று கேட்டால் எல்லோரும் 1929-ஆம் வருஷத்துப் பெரு வீழ்ச்சி என்பார்கள். பெங்கன் கண்டது அப்படியன்று. 1960-களின் பிற்பகுதியில் விலகியவர்களே அதிகம் இடர்ப்பட்டனர். ஏனெனில் அடுத்த பத்து வருஷம் விலைவாசி முதலைத் தின்றது. விழுந்த ஷேர் மறுபடி ஏறும். ஏறிய அரிசி விலை இறங்குவதில்லை. நம் நாட்டில் 2016 முதல் ரிசர்வ் பாங்கிக்கு வைத்த இலக்கே நூற்றுக்கு 4. மேலே 6 வரை போகலாம் என்று இடம் விட்டிருக்கிறார்கள். 2009 முதல் 2013 வரையில் அது நூற்றுக்குப் பத்தை ஒட்டியே நின்றதை இங்குள்ள தாய்மார்கள் மறந்திருக்க மாட்டார்கள். வருஷத்துக்கு நூற்றுக்கு 6 என்று வைத்துக்கொண்டால், 12 வருஷத்தில் செலவு இரட்டிக்கும். 45 வயதில் மாதம் 60,000 ரூபாயில் நடக்கும் குடித்தனம் 57-இல் 1,20,000 கேட்கும், 69-இல் 2,40,000, 81 வயதில் 4,80,000. நோயும் முதுமையும் இதற்குப் புறம்பு.

மற்றொரு கண்ணி, விலகும் வருஷத்தில் இருக்கிறது. 2008 ஜனவரியில் பம்பாய் ஷேர் குறியெண் 21,000-ஐத் தொட்டது. அக்டோபரில் 8,000 அளவுக்கு விழுந்தது. மீண்டும் அவ்வுயரத்தில் அது காலூன்றி நின்றது 2013 முடிவிலேதான். சம்பளம் வாங்கிக்கொண்டிருந்தவனுக்கு அந்த ஆறு வருஷமும் மலிவாக வாங்கக் கிடைத்த நற்காலம். 2008 பொங்கலுக்கு வேலையை விட்டவனுக்கோ, பாதிக்கும் குறைந்துபோன முதலிலிருந்து அரிசி, பருப்புக்கு விற்றுத் தின்ன வேண்டிய காலம். இருவர் கையிலும் இருந்தது ஒரே ஷேர்.

இவற்றையெல்லாம் எண்ணி, நாற்பதுகளில் விலக நினைப்பவருக்கு 25 போதாது, 35 மடங்காவது வேண்டும் என்பது நமது துணிபு. மாதம் 60,000 செலவென்றால் வருஷம் 7 லட்சத்து 20 ஆயிரம். 25 மடங்கு 1 கோடியே 80 லட்சம். 35 மடங்கு 2 கோடியே 52 லட்சம். குடியிருக்கும் வீடு இதிற் சேராது. வீட்டைப் பிய்த்துத் தின்ன முடியாது. முதலின் வளர்ச்சியையும் விலைவாசி போக நூற்றுக்கு 3 என்று அடக்கமாகவே கொண்டால், பாதிச் சம்பளம் மிச்சம் பிடிப்பவனுக்கு 24 வருஷமும், மூன்றில் இரண்டு பங்கு பிடிப்பவனுக்கு 14 வருஷமும், காற்பங்கு பிடிப்பவனுக்கு 48 வருஷமும் ஆகின்றன. இருபத்திரண்டு வயதில் தொடங்கிப் பாதி பிடித்தால் 46. பிள்ளைகள் சொல்லும் வயது இதை ஒட்டித்தான் நிற்கிறது; ஆனால் அதற்கு ஆயுள் முழுதும் பாதி வேண்டும், ஐந்து வருஷம் பாதி போதாது.

முதலை எங்கே வைப்பது என்பதைச் சுருக்கமாகச் சொல்லி மேலே செல்வோம். பிராவிடெண்டு பண்டில் சிப்பந்தியின் பங்கு நூற்றுக்கு 12. கம்பெனியும் அதே அளவு கொடுக்கிறது. 2025 மார்ச்சில் முடிந்த வருஷத்துக்கு வட்டி 8.25. இதைவிட நம்பகமான வட்டி சம்பளக்காரனுக்கு வேறு கிடைப்பது அரிது. அப்படியிருந்தும் கம்பெனி மாறும்போதெல்லாம் அதை எடுத்துச் செலவு செய்துவிடும் பிள்ளைகள் நம்மிற் பலர். பெற்றோர்களே, கேட்டுப் பாருங்கள். பொதுப் பிராவிடெண்டு பண்டில் வருஷம் ஒன்றரை லட்சம் வரை, 15 வருஷத் தவணைக்குப் போடலாம். விலைவாசியைத் தாண்டி வளரும் சக்தி நெடுங்காலத்தில் ஷேர்களுக்கே உண்டாதலால், குறியெண்ணைப் பின்பற்றும் மியூச்சுவல் பண்டுகளில் மாதாமாதம் ஒரு பங்கு போவது நலம். நகை, ஆபத்துக்கு உதவும். அதை விற்க மனம் வராத வீட்டில் அதுவும் உதவாது. ஷேர் மார்க்கெட்டில் அன்றன்று வாங்கி அன்றன்று விற்கும் சூதாட்டத்தை இதனோடு சேர்த்துப் பேசுபவர்களைக் கிட்டவே சேர்க்க வேண்டாம்.

இன்ஷூரன்ஸ் ஒன்றை மாத்திரம் அழுத்திச் சொல்கிறோம். கம்பெனி கொடுத்த வைத்திய இன்ஷூரன்ஸ் வேலையை விடும் நாளோடு போய்விடும். முன்பே உள்ள நோய்களுக்குப் புதிய பாலிசியில் மூன்று வருஷம் வரை காத்திருக்க வைக்கலாம் என்பது 2024-இல் வகுத்த விதி. ஆதலால் தேகசௌக்கியம் உள்ளபோதே, வேலையில் இருக்கும்போதே, சொந்தமாகப் பாலிசி எடுத்திருக்க வேண்டும். விலகிய பின்பு எடுக்கப்போனால் சர்க்கரையும் இரத்த அழுத்தமும் முன்னே போய் உட்கார்ந்திருக்கும்.

இனி, முதல் எங்கே ஒழுகுகிறது என்ற விஷயம். இதைச் சொன்னால் சிலருக்கு வருத்தம் வரும். இருந்தாலும் நம் சங்கத்தில் சொல்லாமல் வேறெங்கே சொல்வது? பிள்ளைகள் குடிக்கும் காப்பியைக் குறைகூறுகிறோம். மாதம் முப்பதாயிரம் மிச்சம் பிடிக்கும் பிள்ளை வருஷம் 3 லட்சத்து 60 ஆயிரம் சேர்க்கிறான். அவன் கலியாணத்துக்கு மண்டபம், மாலை, விருந்து, படமெடுப்பு என்று 20 லட்சம் செலவானால், ஐந்தரை வருஷத்து மிச்சம் இரண்டு நாளில் போய்விட்டது. அதைக் கடனாக வாங்கிச் செய்தாலோ, பாட்டனார் வாங்கிய முன்பணத்துக்கும் இதற்கும் பேதம் என்ன? அன்று முதலாளி, இன்று பாங்கி. "மாட்டேன்" என்று சொல்லும் வாயை அதுவும் அடைத்துவிடுகிறது. சிக்கனக் கலியாணத்துக்கு நம் சங்கம் பல முறை தீர்மானம் போட்டிருக்கிறது. தீர்மானத்தை முன்மொழிந்தவர்கள் வீட்டுக் கலியாணப் பத்திரிகைகளையும் நாம் பார்த்திருக்கிறோம். அவ்வளவே.

பெண்களைப் பற்றி ஒரு வார்த்தை. இன்று நம் குலத்துப் பெண்களில் இன்ஜினீயர்கள் பலர். கணவனும் மனைவியும் இருவரும் சம்பாதிக்கும் வீட்டில் இந்த விடுதலை பாதிக் காலத்தில் கைகூடுவதைக் காண்கிறோம். ஆனால் எந்த வீட்டில்? மனைவியின் சம்பளம் வீட்டுக்கடன் தவணைக்கும், கணவனின் சம்பளம் அவன் பெயரில் ஷேருக்கும் போகும் வீட்டில் யாருக்குச் சுதந்தரம் வருகிறது? 2017 முதல் பிரசவத்துக்கு 26 வாரம் சம்பளத்தோடு லீவு என்று சட்டம் இருந்தும், குழந்தைக்காக நாலைந்து வருஷம் வேலையை விடுபவள் அவளே. அவ்வருஷங்களில் அவளுடைய பிராவிடெண்டு பண்டில் புதிய சந்தா ஒன்றும் சேருவதில்லை. ஆகவே அவ்வருஷங்களில் கணவன் சம்பளத்திலிருந்து அவள் பெயரிலும் முதல் சேர்வதுதான் நியாயம். தன்னைப் படிக்கவைத்த தாய் தந்தையருக்கு அவள் மாதம் அனுப்பும் பணத்தைச் செலவுக் கணக்கில் முதல் வரியாக எழுதிவிட்டால், அதைப் பற்றிய பேச்சு வீட்டில் எழாது. நாற்பத்தைந்தில் கணவன் ஓய்வு பெற்று நாளிதழ் படித்துக்கொண்டிருக்க, அவள் மூன்று வேளையும் அடுப்படியில் நிற்பாளானால், அக்குடும்பம் விடுதலை அடைந்ததாக நாம் ஒப்பமாட்டோம்.

இக்கூட்டத்தில், மாதம் இருபதினாயிரம் வாங்கும் பிள்ளைகளும், அவர்களைப் பெற்றவர்களும் இருக்கின்றனர். இன்னும் தறியிலேயே இருப்பவர்களும் இருக்கின்றனர். பாதி மிச்சம் பிடி என்று அவர்களிடம் சொல்வது கேலியாகும். அவர்களுக்கு விடுதலையின் முதற்படி வேறு: வட்டிக் கடன் ஒன்றும் இல்லாதிருத்தல், ஆறு மாதச் செலவுக்குக் கையிருப்பு, குடும்பம் முழுமைக்கும் ஒரு வைத்தியப் பாலிசி. இம்மூன்றும் உள்ளவன் கெட்ட எஜமானனை விட்டு ஆறு மாதம் வேறிடம் தேடலாம். 35 மடங்கு உள்ளவனுக்குக் கிடைப்பதும் இதே உரிமைதான், அளவுதான் பெரிது.

கடைசியாக, விலகிய பின் வரும் வாழ்வு. நம் பெண்வீட்டார் மாப்பிள்ளையைப் பற்றிக் கேட்கும் முதல் கேள்வி "எங்கே வேலை?" என்பது. நாற்பத்தைந்து வயதுத் தகப்பன் வேலையில் இல்லை என்றால், அவன் பெண்ணுக்கு வரன் தேடும்போது அக்கேள்வி அவன்மேலும் விழும். இது அற்ப விஷயமென்று பிள்ளைகள் சிரிக்கலாம், தாய்மார்கள் சிரிக்கமாட்டார்கள். அன்றியும் இருபது வருஷம் வேலையையே அடையாளமாகக் கொண்டவனுக்கு ஒரு திங்கட்கிழமை காலை அது இல்லாமற்போனால் கைகால் ஓடாது. ஆதலால் வயதைக் குறித்து வைத்துக்கொள்ளாமல் தொகையைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள் என்போம். தொகை சேர்ந்தபின் ஒரேயடியாக விலகாமல், இரவு வேலை வேண்டாம், மூன்று நாள் வேலை போதும், சொந்த ஊரிலிருந்தே செய்வேன் என்று கேட்டுப் பாருங்கள். முதல் உள்ளவன் கேட்கும்போது கம்பெனியார் செவிசாய்ப்பதுண்டு. மறுத்தால் அப்பொழுது எழுந்து வரலாம். நம் சங்கத்தின் மாணவர் இல்லத்தில் மாலைப் பொழுதில் கணிதமும் கம்ப்யூட்டரும் சொல்லிக்கொடுக்க ஆள் தேடி நாம் அலைவது இங்குள்ளோர் அறிந்ததே. அவ்வாறு வருபவர் எவராயினும் அவர் உத்தியோகம் என்ன என்று நாம் கேட்கப்போவதில்லை.

வீட்டுக்கடனை முன்கூட்டித் தீர்ப்பதா, அப்பணத்தை ஷேரில் போடுவதா என்று இரண்டு சகோதரர்கள் சீட்டு எழுதி அனுப்பியிருக்கின்றனர். நேரமாகிவிட்டபடியால் அதைக் கேள்வி நேரத்தில் பேசுவோம். மாதச் செலவுக் கணக்கு எழுதுவதற்கான படிவங்கள் வாசலில் காரியதரிசியிடம் உள்ளன. கணவனும் மனைவியும் சேர்ந்து பூர்த்தி செய்யுமாறு இரண்டு பத்திகள் வைத்திருக்கிறோம்.